கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்

மாத்தளைத் தோட்டங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் வீட்டில் அன்றே பத்தியம் தொடங்கிவிடும். மீன் நிற்கும், எண்ணெய் நிற்கும், தாளிதம் நிற்கும். யாராவது ஒருவர் வேலியோரத்தில் கீழ்க்காய்நெல்லி பிடுங்கி வந்து அரைத்துக் கொடுப்பார். சில வாரங்களில் மஞ்சள் தெளியும், ஆள் எழுந்து வேலைக்குப் போவார், பச்சிலைக்குப் பெயர் கிடைக்கும். இப்படி வந்து போவது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ. எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் அநேகமாகத் தானாகவே தீரும் நோய் அது.

இந்த அத்தியாயம் கண்ணை மஞ்சளாக்காமல் உள்ளே இருந்துவிடும் நோயைப் பற்றியது. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி என்ற இரண்டு வைரஸ்களும் ஒருவரின் ஈரலில் இருபது முப்பது ஆண்டுகள் தங்கியிருக்கும். அந்த ஆள் கொழுந்து எடுப்பார், மிளகு காயவைப்பார், பிள்ளை பெற்று வளர்ப்பார். பசி குறையாது, காய்ச்சல் வராது. கடைசியில் வயிற்றில் நீர் கட்டியோ இரத்த வாந்தி எடுத்தோ வைத்தியசாலைக்குப் போகும்போது ஈரல் சுருங்கிப் போயிருக்கும், அல்லது அதில் புற்றுநோய் வந்திருக்கும். இந்த இரண்டு வைரஸ்களையும் முன்கூட்டியே கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

முதலில் தண்ணீரால் வருவது

ஏ, ஈ என்ற இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுபவை. 2007இல் கம்பளையில் ஹெபடைட்டிஸ் ஏ பரவியது. 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களிலும் பரவியது. லயத்துக்கு மேலே மலசலகூடமும் கீழே பீலித் தண்ணீரும் இருக்கும் இடங்கள் நம் மாவட்டத்தில் இன்னும் உண்டு. அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். வைரஸ் ஈரல் அழற்சி, அதாவது ஹெபடைட்டிஸ், அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது. வைத்தியர் எச் 544 படிவத்தை நிரப்பி அனுப்பினால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரைப் பார்ப்பார். பச்சிலையோடு நின்றுவிட்டால் அந்தப் படிவம் எழுதப்படாது. அதே பீலியில் குடிக்கும் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் நோய் போகும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும்.

இனி பியும் சியும்.

யார் பரிசோதிக்க வேண்டும்

இலங்கையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2003 முதல் கட்டம் கட்டமாகக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. இப்போது பென்டாவலன்ட் ஊசியோடு சேர்த்து 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்கள். பிள்ளையின் கார்டைத் திறந்தால் அந்த மூன்று திகதிகளும் இருக்கும். ஆகவே சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். 2003க்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று தோட்டத்திலும் கடையிலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதுக்காரர்கள், பெரும்பாலும் அந்த ஊசியைப் பார்த்ததே இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டில் இந்த நோய்கள் அயல்நாடுகளை விடக் குறைவுதான். அதனால்தான் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை.

சிலர் கட்டாயம் பார்த்தாக வேண்டும். கர்ப்பிணிகளை முதலில் சொல்கிறேன், காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். நோய் உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் அடுத்தவர்கள். தலசீமியாவுக்காகப் பல தடவை இரத்தம் ஏற்றியவர்களும், ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்தவர்களும், வைத்தியசாலையில் ஊசியும் குப்பையும் கையாளும் சிற்றூழியர்களும் பார்க்க வேண்டும். வில்கமுவப் பக்கம் சிறுநீரக நோய் பல குடும்பங்களை அழித்துவிட்டது. அங்கே இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பி, சி இரண்டையும் பார்ப்பதோடு, குறித்த கால இடைவெளியில் திரும்பவும் பார்க்க வேண்டும். பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

பச்சை குத்தியவர்கள், சலூனில் பழைய பிளேடால் சவரம் செய்துகொண்டவர்கள், கோயிலில் அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்தியவர்கள் இதில் வருகிறார்களா என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வருகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத காய்ந்த இரத்தத் துளியே போதும். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலில் நேர்த்தி வைப்பவர்கள் தம் வேல், கொக்கி ஆகியவற்றைப் பிறருடையதோடு கலக்காமல் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது நன்றாகக் கிருமி நீக்கித் தரும்படி கேட்கலாம். அம்மனுக்குச் செய்யும் கடனில் இதனால் எந்தக் குறையும் வராது.

எங்கே போவது

மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை, தம்புள்ளை ஆதார வைத்தியசாலை இரண்டிலும் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரிடம் காரணத்தைச் சொல்லிப் பரிசோதனை கேட்கலாம். “என் அண்ணனுக்கு ஈரல் வருத்தம், எனக்கும் ஹெபடைட்டிஸ் பி பார்க்க வேண்டும் சேர்” என்று நேராகச் சொல்லுங்கள். “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் பனடோல்தான் கிடைக்கும். வெட்கத்தால் பொதுக் கிளினிக்குக்குப் போக முடியாதவர்கள் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். அங்கே பெயர் வெளியே போகாது, காசும் இல்லை. எல்கடுவ, கம்மடுவ போன்ற மேட்டுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் பஸ்ஸும் ஒரு நாள் சம்பளமும்தான் தடை. அவர்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, வேறு ஏதாவது கிளினிக் நாளோடு சேர்த்துப் போய்விட்டு வருவது சிக்கனம். தனியார் லேப்பிலும் செய்யலாம். ஆனால் அங்கே கிடைப்பது காகிதம் மட்டும். அதை வாசித்து அடுத்தது என்ன என்று சொல்ல வைத்தியர் வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பரிசோதனைக்காக இரத்ததானம் செய்யாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு பையையும் இரத்த வங்கி எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் வைரஸ் நுழைந்து சில வாரங்கள் வரை சோதனையில் தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியில் கொடுத்த பை இன்னொருவரின் உடலுக்குள் போகும். தனக்கு இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர் முதலில் கிளினிக்குக்குப் போக வேண்டும்; முடிவு வந்த பிறகு தானம் செய்யலாம். இரத்ததானம் செய்த பிறகு வங்கி உங்களைத் திரும்ப அழைத்தால் பயந்து ஒளியாதீர்கள். அந்த அழைப்பு உங்கள் நன்மைக்காக.

துண்டை வாசிப்பது எப்படி

விரைவுச் சோதனை மிக எளிது. விரல் நுனியைக் குத்தி ஒரு துளி இரத்தத்தை விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விடுவார்கள், மேலே சில துளி திரவம் ஊற்றுவார்கள். பட்டையில் சி, டி என்று இரண்டு இடம் இருக்கும். இரத்தம் மெல்ல ஊர்ந்து போகும். சி இடத்தில் கோடு வந்தால் சோதனை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். டி இடத்திலும் கோடு வந்தால் ‘ரியாக்டிவ்’. மங்கலான கோடும் கோடுதான். சி கோடே வரவில்லை என்றால் அந்தப் பட்டை பழுது, வேறொன்றில் திரும்பச் செய்ய வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வைத்தியசாலையில் நரம்பில் இரத்தம் எடுத்து இயந்திரத்தில் பார்ப்பார்கள், முடிவு வரச் சில நாளாகும்.

துண்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று இருப்பது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம். அது ரியாக்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது. அன்டி எச்.பி.எஸ். என்பது எதிர்ப்பு சக்தி. அது 10 அலகுக்கு மேல் இருந்தால் ஊசியாலோ முன்பு வந்து போன நோயாலோ பாதுகாப்பு உண்டு என்று பொருள். இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். பின்னது பொசிட்டிவ் என்று வந்ததைப் பார்த்து அழுத குடும்பங்கள் உண்டு. அது நல்ல செய்தி. மூன்றாவதாக அன்டி எச்.பி.சி. என்று ஒன்றும் இருக்கும். வைரஸ் எப்போதாவது உடலைத் தொட்டிருக்கிறதா என்பதை அது காட்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் நோயும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அப்படிப்பட்டவர் தடுப்பூசி போட வேண்டியவர்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

சிக்கு வேறு கணக்கு. அன்டி எச்.சி.வி. ரியாக்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ வந்திருக்கிறது என்று மட்டுமே தெரியும். பத்துப் பேரில் மூன்று பேருக்கு அது தானாகவே போய்விடும். இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஆர்.என்.ஏ. சோதனை செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் ஒருவரை நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது.

நோய் குறைவான நாட்டில் ஒரே ஒரு விரைவுச் சோதனையை மட்டும் நம்புவதும் சரியில்லை. நோயில்லாத பல்லாயிரம் பேரைச் சோதிக்கும்போது சிலருக்குப் பொய்யாகவே கோடு வரும். ஆகவே முதல் ரியாக்டிவ் வந்தவுடன் இரண்டாவது சோதனைக்கு வழி செய்யுங்கள். வீட்டாரைக் கூட்டி வைத்துப் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

‘அன்ஃபிட்’ என்ற முத்திரை

நம் மாவட்டத்தில் இந்தச் செய்தி பலருக்கு வெளிநாட்டு மெடிக்கலில்தான் முதன்முதலாகத் தெரிகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் பார்க்கப்படுகின்றன. ஒன்று இருந்தாலும் ‘அன்ஃபிட்’. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கொழும்புக்குப் போய் மெடிக்கல் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் வாங்கிக் கடன் அடைத்தாகிவிட்டது, பாஸ்போர்ட் ஏஜென்சியில் இருக்கிறது. மெடிக்கலில் அவளுக்கு ஒரு சொல் கிடைக்கிறது. என்ன நோய், எங்கே போக வேண்டும், பிள்ளைகளையும் பார்க்க வேண்டுமா என்று யாரும் சொல்வதில்லை. ஊருக்கு வந்ததும் “மெடிக்கல் அடிபட்டுப் போச்சு” என்ற பேச்சு லயம் முழுவதும் பரவும். அவள் காகிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவாள். சிலர் அடுத்த ஏஜென்சியைத் தேடுவார்கள்.

அந்தக் காகிதம்தான் அவளுக்குக் கிடைத்த முன்னெச்சரிக்கை. உலகில் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர் என்பது 2022க்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் நூற்றில் பதின்மூன்று பேர்தான். இவளுக்கு முப்பது வயதில் தெரிந்துவிட்டது, ஈரல் இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போதே. வேலை போனதன் வலியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கடன் உண்மையானது, வட்டி உண்மையானது. ஆயினும் அடுத்த கிழமையே அவள் மாத்தளைக் கிளினிக்கில் இருக்க வேண்டும். தோட்டத்துத் தலைவரோ ஆசிரியரோ குடும்பநல உத்தியோகத்தரோ அவளை அங்கே கூட்டிப் போனால், இந்த நூல் கேட்கும் வேலைகளில் மிகப் பெரியதைச் செய்தவர் ஆவார்.

கிளினிக்கில் என்ன நடக்கும்

எச்.பி.எஸ்.ஏ.ஜி. ஆறு மாதத்துக்கு மேலும் ரியாக்டிவாகவே இருந்தால் அது நாட்பட்ட நோய். வைத்தியர் ஈரல் நொதியம், இரத்தத் தட்டணு எண்ணிக்கை, வைரஸ் அளவு ஆகியவற்றைப் பார்த்து ஸ்கேனுக்கு எழுதுவார். தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், நாளுக்கு ஒன்று, பல ஆண்டுகள். வைரஸை அது அடக்கி வைக்கும், வேரோடு எடுக்காது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தினால் வைரஸ் ஒரேயடியாகக் கிளம்பி ஈரலைத் தாக்கக்கூடும். புற்றுநோய்க்கோ மூட்டு வாதத்துக்கோ வேறு வலிய மருந்து தொடங்கினாலும், “எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது” என்று அந்த வைத்தியரிடமும் சொல்ல வேண்டும்.

நாட்பட்ட பி உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் வரை ஈரல் சுருக்கத்துக்கோ புற்றுநோய்க்கோ ஆளாவார்கள். ஆபத்து கூடியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்வது இதற்காகவே. சிறு கட்டியாக இருக்கும்போது அகப்பட்டால் வெட்டி எடுக்கலாம். வலி தொடங்கிய பிறகு போகிறவருக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை.

ஹெபடைட்டிஸ் சியில் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதன் பலன் இன்னும் பெரியது. அது குணமாகும் நோய். சொஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் விழுங்கினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றாகத் தீர்கிறது. எகிப்தில் ஒரு காலத்தில் நத்தை மூலம் பரவும் புழு நோய்க்கு ஊர் ஊராக ஊசி போட்டார்கள். ஒரே கண்ணாடிச் சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் நாடு முழுவதும் ஹெபடைட்டிஸ் சி பரவிவிட்டது. அதே நாடு 2018 முதல் கோடிக்கணக்கானோரைச் சோதித்து மாத்திரை கொடுத்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டின் முன்னேற்றத்துக்கு அங்கீகாரம் வழங்கியது.

இப்போது கர்ப்பிணி. பிறக்கும்போது தாயிடமிருந்து ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும். பெரியவருக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. அதனால்தான் தாய்க்கு இருப்பது முன்பே தெரிய வேண்டும். தெரிந்தால் வைரஸ் அளவு கூடியிருக்கும் தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே மாத்திரை தரலாம். குழந்தைக்குப் பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், அதனோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடலாம். இரண்டாம் மாத ஊசி வரை காத்திருந்தால் பிந்திவிடும். தாய்ப்பால் கொடுக்கலாம், தடையில்லை. கர்ப்பிணிக் கிளினிக்கில் முதல் நாளே, “எனக்கு ஹெபடைட்டிஸ் பி பார்த்தாச்சா மிஸ்?” என்று கேட்டுவிடுங்கள்.

கீழ்க்காய்நெல்லியைப் பற்றி

இதைச் சொல்லாமல் போனால் படிப்பவர் மனதில் கேள்வி நின்றுவிடும். நம் பாட்டிமாரின் இந்தப் பச்சிலையை அறிவியல் அலட்சியப்படுத்தவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் புளும்பெர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து சென்னையில் இந்தச் செடியைச் சோதித்தார்கள். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: செடித்தூள் உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே செடியைக் கொண்டு செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றுவரை அதை நம்பி மாத்திரையை விடலாம் என்று சொல்லும் ஆதாரம் இல்லை. அந்தச் செடிமேல் உள்ள மரியாதை இருக்கட்டும். நாட்பட்ட பி உள்ளவர் அதை மட்டும் குடித்துக்கொண்டு கிளினிக்கை விட்டுவிட்டால், மஞ்சள் இல்லாததைப் பார்த்துக் குணமென்று நினைத்து ஆண்டுகளை இழப்பார். பெயர் தெரியாத வேறு குளிகைகளும் கஷாயங்களும் ஈரலுக்கே கேடாகலாம். எது குடித்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கசிப்பும் சாராயமும் முற்றாக வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கச்சான், கொப்பரா, செத்தல் மிளகாயையும் ஒதுக்குங்கள். அந்தப் பூஞ்சண நஞ்சும் ஹெபடைட்டிஸ் பியும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும்.

லயத்து வீட்டில்

ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் நோய் உள்ளவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஒரே சட்டியில் சாப்பிடுவதால் பியும் சியும் பரவாது. கட்டிப்பிடிப்பதாலும், இருமலாலும், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதாலும் பரவாது. தனியாக வைக்க வேண்டியவை சவர பிளேடு, பல் தூரிகை, நகவெட்டி, காதணி. வெட்டுக்காயத்தை மூடிக் கட்டுங்கள். சிந்திய இரத்தத்தைக் குளோரின் கலந்த நீரால் துடையுங்கள். கணவன் மனைவியில் மற்றவரைப் பரிசோதித்து, ஹெபடைட்டிஸ் பிக்கான ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி வரும் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். கொழுந்து எடுக்கவும் சமைக்கவும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கவும் எந்தத் தடையும் இல்லை. தடை போடுகிறவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

முதல் கிளினிக் நாளுக்கு அடையாள அட்டை, ரியாக்டிவ் என்று வந்த அசல் துண்டு, வெளிநாட்டு மெடிக்கல் காகிதம் இருந்தால் அது, இப்போது குடிக்கும் எல்லா மருந்தும் ஒரு பையில். வீட்டில் யாருக்காவது ஈரல் வருத்தம் வந்து இறந்திருந்தால் அவர் யார், எத்தனை வயதில் என்பதை எழுதிக்கொண்டு போங்கள், வைத்தியர் கேட்பார். கிளினிக் கொப்பியில் எழுதித் தரும் அடுத்த திகதியை அன்றே வீட்டுக் கலண்டரில் குறித்து, தோட்டத்து ஒஃபிஸில் லீவுக்கும் சொல்லிவிடுங்கள்.